ஞானத்தாய்க்கு ஒரு ஞானத்தாய்

பிப்ரவரி 4
மே மாதம் எங்கள் கோயிலுக்கு ஆயர், அதாவது பிஷப், வருகிறாராம். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் வாயாலேயே விசுவாசத்தைச் சொல்லித் தைலம் பூசிக்கொள்ளும் உறுதிபூசுதலுக்குப் பெயரைக் கொடுக்கச் சொல்லிப் பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். என் பேத்தி வாயாடிக்குப் பதினொரு வயது. மேடையேறித் தட்டுத்தடுமாறாமல் பைபிள் வாசகம் வாசிக்கிறாள். வேறு யார் வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது? அவள் தோளில் கைவைத்து, அவளுக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாயாக நான்தான் நிற்பேன். அவள் கவுனுக்குத் தையற்காரியிடம் வெள்ளைத் துணியும் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 6
வாயாடி மாட்டேன் என்கிறாள். "நம்புறேன்னு நான்தான வாயால சொல்லணும், பாட்டி? எனக்கு இன்னும் நிறைய சந்தேகம் இருக்கு."
"புரிஞ்ச பிறகுதான்னா நான் இன்னும் ஞானஸ்நானமே வாங்கியிருக்க முடியாதுடி."
மருமகள் சிரித்தாள். ஆனால் தன் மகள் பக்கம்தான் பேசினாள். "அவளா கேக்கட்டும் அத்தை. பதினஞ்சானாலும் பரவால்ல."
பதினஞ்சாம். அதுவரைக்கும் நான் இருக்கணுமே, அதை யாராவது நினைச்சாங்களா?

பிப்ரவரி 7
இருவரிடமும் பேசவில்லை.

பிப்ரவரி 10
சாமியாரிடம் முறையிட்டேன். பதினொன்று போதுமா போதாதா, நீங்களே சொல்லுங்கள் என்று. "ஏழு வயசுல குடுக்குற இடமும் இருக்கு, பதினாறுல குடுக்குற இடமும் இருக்கு" என்றார். "ஞானத்தாயா நிக்கிறவங்களும் உறுதிபூசுதல் வாங்கியிருக்கணும். உங்களுக்கு எந்த வயசுல ஆச்சு?"
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் ஆயர் வந்த அன்று எனக்கு அம்மை. கூடப் படித்தவர்கள் கோயிலில் வரிசையில் நிற்க, நான் வீட்டில் கிடந்தேன். அப்புறம் படிப்பு நின்றது, கல்யாணம் ஆனது. யாரும் கேட்கவில்லை. நானும் எல்லாம் ஆகிவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 11
அழுகையா வருது. ஊரெல்லாம் சொல்லிவச்சேனே. இப்பவும் வாங்கிக்கலாம், ஞானோபதேச வகுப்புக்கு வரணும்ங்கிறார் சாமியார். இந்த வயசுல போய் பொடிசுங்களோட பெஞ்சுல உக்காரவா?

பிப்ரவரி 25
உட்கார்ந்தேன். முழங்கால்தான் பெஞ்சுக்குள் நுழையவில்லை.

மார்ச் 9
தூய ஆவியின் கொடைகள் ஏழு. ஆறு வருகிறது, திடம் மட்டும் மறந்துபோகிறது. வீட்டில் வாயாடிதான் டீச்சர். "உனக்கு சந்தேகமே இல்லையா பாட்டி?" என்றாள். இருக்கிறது. தாத்தாவை ஆண்டவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டுக்கொண்டார் என்பது ஒன்று. சொன்னேன். என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 10
சாமியாரிடம் என் பெயரை மட்டும் கொடுத்தேன். அவள் பெயரை எடுக்கவில்லை. எனக்கும் ஒரு ஞானத்தாய் வேண்டுமாம். மருமகளைக் கேட்டேன்.
"நிக்கிறேன். ஆனா அப்புறம் நீங்க என் பேச்சைக் கேக்கணும் அத்தை."
"முதல்ல நில்லு, பாப்போம்."

மே 19
ஆயர் நெற்றியில் தைலம் பூசினார். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேரே வந்த மருமகளின் கை என் தோளில்.
வெளியே வந்ததும் வாயாடி என் நெற்றியை முகர்ந்தாள். "நல்ல வாசனை பாட்டி. எனக்கு நீதான நிப்ப?"
எப்போடி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.
வரும் வழியில் தையற்காரி வீட்டுக்குப் போனோம். வெள்ளைத் துணியை வெட்டாமலே வாங்கிவந்து பெட்டியில் வைத்துவிட்டேன்.