ஊசிகளுக்கு வைத்த பொட்டு

விஜயதசமி, இரவு.

நேற்று ஆயுத பூசைக்கு உப்பு பாக்கெட் போடும் மெஷின் முழுக்க நான்தான் பொட்டு வைத்தேன். அதன் மேலே அயனைசர் இருக்கிறது. பிளாஸ்டிக் சுருள் ஓடும்போது அதில் ஏறும் கரண்டை, அயனைசரின் ஊசிகள் வழியாக வரும் காற்று அடக்கிவிடும். பக்கத்தில் ஒரு போர்டு. எழுதப் படிக்க முதியோர் வகுப்புக்குப் போன பிறகு, யார் துணையும் இல்லாமல் நான் வாசித்த முதல் போர்டு. "ஊசிகளைக் கையால் தொடாதீர்." சந்தோஷம் தாங்கவில்லை. போர்டு சொன்னபடியே கையால் தொடாமல், ஈர்க்குச்சியால் ஒவ்வோர் ஊசிக்கும் குங்குமம் வைத்தேன்.

இன்று மெஷின் ஓடியதும், சுருளைத் தொட்ட, கூட வேலை பார்க்கும் இசக்கியம்மாளுக்குச் சுரீரென்று கரண்ட் அடித்தது. வெடுக்கென்று வலக்கையை இழுத்ததில் முழங்கை இரும்பில் இடித்து, விரல்கள் மரத்துவிட்டன.

"யாருல ஊசிக்குப் பொட்டு வச்சது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். நான்தான் என்றேன். கையால் தொடவில்லை என்றும் சொன்னேன்.

"போர்டுல கீழ போட்டிருக்கத வாசிக்கலியா அண்ணாச்சி?" என்றார்.

ஊசிகளில் எதுவும் படக்கூடாது, பட்டால் கரண்ட் அடங்காது என்று இரண்டாவது வரி இருந்தது. முதல் வரியின் சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிட்டேன்.

இசக்கி சிரித்தாள். "மெஷினுக்குப் பொட்டு வச்சு என்னைய சாமியாட வச்சிட்டீயளே அண்ணாச்சி."

சாயங்காலம் பஸ்ஸில் அவள் இடக்கையால் கம்பியைப் பிடித்து நின்றாள். நான் பஸ்ஸில் எழுதியிருந்ததையெல்லாம் கடைசி வரி வரை வாசித்தேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை. இறங்கும்போது அவள் வலக்கையை மடக்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை.