சேனோ சொன்ன “வழி சரி”

கர்வோசரி, மத்திய ஜாவா
ஞாயிறு, பூசைக்குப் பின்

அன்பு மகள் ரத்ரிக்கு அம்மா எழுதுவது. என் உடம்பு இன்னும் சொன்னபடி கேட்கிறது. ரோட்டர்டாம் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். முன்கூரை ஒழுகல் சரியாகிவிட்டது. உன் கடிதமும் வந்தது. ஓட்டுநர் முர்சித் ஐயா சொல்லிக்கொடுத்தபடியே தம்பியைப் பேசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். அது வருவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது.

நடந்ததை முழுதாகக் கேள். சரக்கு ரயில் கிளம்பும்போது ஓட்டுநர் முர்சித்தும் துணை ஓட்டுநரான நம் சேனோவும் விதிப்படி கைகாட்டியை விரலால் சுட்டி, “வழி சரி” என்று உரக்கச் சொன்னார்கள். கைகாட்டியோ நில் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினின் முன்சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. நம் நிலையத்தில் இன்னும் கம்பியால் இழுக்கிற பழைய கைகாட்டிதான், எப்போது மாறியது என்று எதிலும் பதிவாகாது, அதனால் மனிதர் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. முர்சித் அன்று மாலையே வீட்டுக்கு வந்து சேனோவிடம், டேய், வழி விட்டுத்தான் இருந்துச்சு, கிட்ட போனதும் தார்மின் மாத்திட்டான்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிருவோம், என்றார். கைகாட்டி இழுக்கும் தார்மினின் வேலை போகுமே என்று யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் போனபின் சேனோவிடம், கண்ணு எங்கடா போச்சு என்று கத்தினேன். கண்ணு பார்த்துச்சும்மா, தினமும் அங்க வழி சரியாத்தான் இருக்கும், வாய் முந்திக்கிச்சு, என்றான். சாக்குச் சொல்லாதே என்றேன். அன்றைய செபமாலையில் என் மனம் முழுக்க ஊர்ப் பேச்சிலேயே இருந்திருக்கிறது. முடித்ததும் அவன் மெதுவாக, அஞ்சு தேவ ரகசியத்துல நாலாவத விட்டுட்டீங்கம்மா, வாய் மட்டும் நிக்கவே இல்ல பாருங்க, என்றான். செபத்தை மனமில்லாமல் முணுமுணுத்ததற்காக நான் படித்த கன்னியர் பள்ளியில் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்துவார்கள். ஒருநாளும் அப்படி நின்றிராத நான் செபமாலையை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.

விசாரணையில் அவன், கைகாட்டி நில் என்றுதான் இருந்தது, நான் கவனிக்காமலே சொன்னேன் என்று சொல்லிவிட்டான். முர்சித் வாசலில் வைத்து, உங்கப்பா இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு என்றாராம். உன் அப்பாவோடு முப்பது வருடம் வாழ்ந்தவள் நான், அடித்திருக்க மாட்டார். இப்போது சேனோவை எஞ்சினிலிருந்து இறக்கிப் பணிமனையில் வண்டி கழுவும் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள், திரும்ப ஏற்றுவார்களா தெரியாது. வேலை தப்பிய தார்மினின் மனைவி பலாக்காய் சமைத்து அனுப்பினாள், அவன் தொடவில்லை. காலையில் அவன் அழுக்குச் சட்டையோடு புறப்படும்போது எதிர்வீட்டுத் திரைகள் விலகுகின்றன. நான் நல்ல உடை உடுத்தித் தெருமுனைவரை கூடவே நடக்கிறேன்.

அவனுக்கு நீயே எழுது. என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதே, எல்லார் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிட்டான். ஆண்டவர் உங்களைக் காப்பாராக. வெளியே போகுமுன் அடுப்பை அணைத்தோம் என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடாதே, திரும்பிப் போய்த் தொட்டுப் பார்.

உன் அம்மா,
மரியா கொன்சிலியா சுவார்னி