எட்டாது என்று நீ சொன்ன பாடம்

என் ஜமீலாக்காவுக்கு,

சலாம் சொல்லாமல் உனக்கு எழுத வரவில்லை, அதனால் சொல்லிவிட்டேன். மற்றபடி உன்மேல் எனக்குப் பயங்கரக் கோபம். மௌத்தானவங்கமேல கோபப்படாதேடி என்று பெரியம்மா அழுகிறார். அவருக்கு என்ன தெரியும், தன் மகள் என்ன செய்துவிட்டுப் போனாள் என்று?

நீ கண்ணை மூடின பிறகு கலூருக்குப் போனேன், நம் முதல் கம்ப்யூட்டர் வகுப்பை நடத்தவிட்ட அந்தப் பயிற்சி நிலையத்துக்கு. இரண்டாம் கட்டப் பாடம் தயார், எப்போது தொடங்கலாம் என்று கேட்கத்தான். ஒரு வருஷமாக என்னிடம் என்ன சொன்னாய்? "அவங்க இன்னும் பதில் சொல்லலடி, நீ எழுதிட்டே இரு." நானும் பைத்தியம் மாதிரி எழுதிக்கொண்டே இருந்தேன். மேனேஜர் முழித்தார். "எந்தா சபீனா, ஜமீலா சேச்சி போன வருஷமே வேண்டாம்னு சொல்லிட்டாங்களே?"

நம்ம மட்டாஞ்சேரிப் பெண்களுக்கு முதல் கட்டமே போதும், அதற்கு மேலே எட்டாது என்றாயாம். என்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறாய். "தங்கச்சி ஆசையா எழுதிட்டிருக்கா, எழுதட்டும். அவகிட்ட சொல்லிடாதீங்க, மனசு விட்டுப்போயிடும்." உன் நல்ல மனசுக்கு உதாரணமாகத்தான் அவர் இதைச் சொன்னார், அக்கா. வாங்கி வைத்த சாயாவைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

பாடம் மோசம் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே? திட்டியிருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் அடுக்களையில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாயே, அது என்ன நாடகம்? 'கிளை'ன்னு போடாதே, 'பிராஞ்ச்'னே போடு, இவளுகளுக்கு அதுதான் புரியும் என்று மல்லுக்கு நின்றாயே. நடக்கவே போகாத பாடத்துக்கு எதற்கு அந்தச் சண்டை?

உனக்குத் தெரிந்ததுதான், எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பல பேர் கைவைக்கிற கோப்பில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று தடம் வைத்திருக்கிற மென்பொருள்தான் கிட். முதல் கட்டத்தில் அவரவர் வேலையை அவரவர் 'பிராஞ்ச்'சில் தனியாகச் சேமிக்கப் பழக்கினோம். இரண்டாம் கட்டம் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வது. ஒரே வரியை இருவரும் மாற்றிவிட்டால் கிட் அப்படியே நின்றுவிடும். எதை வைப்பது என்று மனுஷர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, இனி கேள். நான் வகுப்பை எடுத்துவிட்டேன். யாரிடமும் கெஞ்சவில்லை. ஜூ டவுனில், மிளகு குடோனுக்கு மேலே நம் பழைய அறையேதான். பழம்பொருள் கடை நசீமா வந்தாள். ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்கிற செல்வியும் வந்தாள். கல்யாண மெனு ஒன்றைக் கோப்பாகக் கொடுத்து, இருவரையும் ஒரே வரியை மாற்றச் சொன்னேன். நசீமா ஆட்டு பிரியாணி என்று போட்டாள். செல்வி நெய்ச்சோறு, கோழிக்கறி என்று போட்டாள். கிட் நின்றது.

என்ன நடந்தது தெரியுமா? நசீமா தன் வரியை அழித்துவிட்டு செல்வியுடையதை வைத்தாள். "சாரமில்ல மோளே, பரவாயில்ல, உன்னோடதே கிடக்கட்டும்." அதற்குள் செல்வி அந்தப் பக்கம் தன்னுடையதை அழித்துவிட்டு நசீமாவுடையதை ஏற்றிவிட்டாள். "நசீமா இத்தா எழுதினதை நான் எப்படிக்கா அழிக்கிறது, மரியாதை இல்லையே!" மறுபடியும் மோதல். மறுபடியும் விட்டுக்கொடுத்தார்கள், மறுபடியும் மோதல். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. நீ பார்த்ததும் இதைத்தானே? என் வரி இருக்கட்டும் என்று சொல்ல வாய் வராமல் நிற்கிறவளைப் பார்த்து, மண்டையில் ஏறவில்லை என்று முடிவு கட்டிவிட்டாய். என்னையும் அப்படித்தான் எடை போட்டாயா?

பாடத்தை அங்கேயே மாற்றினேன். ஏன் எழுதினேன் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமல் ஒருத்தரும் எதையும் அழிக்கக் கூடாது. செல்விதான் முதலில் மெல்ல ஆரம்பித்தாள். "ஆளுங்க வந்து இறங்கினதும் உடனே தட்டுல விளம்பணும்னா நெய்ச்சோறுதான் இத்தா, நான் தினமும் ஹோட்டல்ல பாக்கிறேன்ல." நசீமா விடுவாளா? "ஆட்டு பிரியாணி இல்லேன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவாங்க, அப்ப நீ வந்து சமாதானம் பேசுவியா?" கீழே மூட்டை தூக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம். கடைசியில் மத்தியானத்துக்கு பிரியாணி, ராத்திரிக்கு நெய்ச்சோறு என்று இரண்டு வரியாக்கி, அவளுகளே சேர்த்து, அவளுகளே ஏற்றினாளுக. நான் கீபோர்டில் விரல் வைக்கவில்லை.

இதுவா அக்கா எட்டாதது?

போகும்போது நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஜமீலாக்கா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கும்! எங்களை எவ்வளவு நம்புச்சு!" ஆமா என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உனக்காக அல்லாவிடம் துவா கேட்கிறேன், அது நிற்காது. ஆனால் துவா வேறு, இது வேறு. நம் பாடங்கள் எல்லாம் நம் பேச்சுத் தமிழில், மலையாள எழுத்தில். இங்கேயே படித்து வளர்ந்த அவளுகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் தமிழ் எழுத்தில் கொட்டுகிறேன்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நீ அவளுகளை நம்பவில்லை என்பது என் வாயிலிருந்து ஒருநாளும் வராது. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. நம்மை நம்பினவள் ஒருத்தி இருந்தாள் என்ற தெம்பில்தான் அவளுக இப்போது வாய் திறக்கிறாளுக. அதைப் பிடுங்க எனக்கு மனசு இல்லை. அவளுகளுக்கு அந்த ஜமீலாக்கா இருக்கட்டும். எனக்குத்தான் இல்லாமல் போய்விட்டாள்.

இப்படிக்கு, இன்னும் கோபம் ஆறாத
உன் சின்னம்மா மகள்
சபீனா