நீ சாப்பிடப் போனபோது நான் சேர்த்த வரி

இன்று காலை பில்லிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து நின்றாள். “அக்கா, டெர்மினல் செத்துப்போச்சு. என்ன தட்டினாலும் ஒன்னும் வரல லா.” போய்ப் பார்த்தேன். திரையில் பச்சை எழுத்துகள் அப்படியே நின்றிருந்தன. கண்ட்ரோல் விசையோடு எஸ்ஸைத் தெரியாமல் அழுத்தியிருக்கிறாள். கண்ட்ரோலோடு கியூவை அழுத்தினேன். அவள் தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. அவள் என்னை வாயைப் பிளந்து பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். உன் ஞாபகம் வந்து கெடுத்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில், போர்ட் கிள்ளானில் இதே சரக்கு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில், நாம் இரண்டே பேர். நான் பண்டமாரானிலிருந்து சைக்கிளில் வருவேன். நீ பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் மாறி மாறி வருவாய். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். உன் அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தும் உன் சட்டை கசங்கியிருக்காது. எனக்கு அதுவே பொறுக்காது.

புது விசைப்பலகைகள் வந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? அழிக்கும் விசையை அழுத்தினால் எழுத்து அழியாது. தொப்பி போட்ட ஒரு எச் வந்து உட்காரும். நீ லீவில் இருந்தாய். நான் மூன்று நாள் கையேட்டைப் புரட்டிவிட்டு, தப்பு வந்தால் வரியை முதலிலிருந்து தட்டுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். நீ வந்தாய். மைலோவை உறிஞ்சிக்கொண்டே, “எந்தக் கீ அழிக்கிற கீன்னு மிஷினுக்கு யாருமே சொல்லலையே,” என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு வரி தட்டினாய். சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு எது கெட்டாலும் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் நானும் இருந்தேன். எனக்கும் ஒரு பெயர் இருந்தது.

அப்புறம் அந்த அறைக்கு ஒரு சூப்பர்வைசரைப் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், ஆளுக்குக் கால் மணி நேரம் வேலையைச் செய்து காட்ட வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் யாருக்கும் மேலதிகாரியாக இருந்ததில்லை.

நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இருந்த நான்கு டெர்மினலில் இரண்டு எப்போதும் மக்கர் என்பதால், சாப்பிடப் போகிறவள் தன்னுடையதை மூடாமல் விட்டுப் போவாள், மற்றவள் அதில் வேலை செய்வாள். செவ்வாய்க்கிழமை நீ அப்படித்தான் விட்டுப் போனாய். நீ உன் பெயரைத் தட்டி உள்ளே நுழைந்ததும் மிஷின் முதலில் படிக்கும் உன் கோப்பைத் திறந்து, கடைசியில் stty -echo என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த முறை நீ நுழைந்தால், தட்டுவது எதுவும் திரையில் தெரியாது. மிஷின் வாங்கிக்கொள்ளும், காட்டாது.

புதன் காலை மூன்று பேர் உன் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நீ தட்டினாய். ஒரு எழுத்தும் வரவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை, ஆசையில். நீ கையை எடுத்தாய், சுவரைப் பார்த்தாய், பிறகு திரையைப் பார்க்காமலே எதையோ தட்டி எண்டரை அழுத்தினாய். எழுத்துகள் திரும்பி வந்தன. தட்டுவது தெரியவில்லை என்றால் மிஷின் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை, பதறாமல் தட்டினால் போதும் என்று அவர்களிடம் ஆங்கிலத்தில் விளக்கினாய். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ என்ன செய்து காட்டியிருந்தாலும் அந்த அளவுக்கு எடுபட்டிருக்காது. அதை உனக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவள் நான்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் கோப்பைக் காட்டினாய். அது கடைசியாக மாற்றப்பட்டது முந்தின நாள் ஒன்று பத்துக்கு. நீ சாப்பாட்டில் இருந்த நேரம். “இந்த வரிய நீயே எடுத்துடு,” என்றாய். “எனக்குப் பசிக்குது, நான் சாப்பிடப் போறேன்.” டெர்மினலைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாய்.

நீ கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நீ யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வருடம் உனக்குக் கீழே வேலை பார்த்தேன், ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை. கோளாறு பார்ப்பதில்தான் நீ கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். மன்னிப்பதிலும் என்னால் உன்னை எட்ட முடியவில்லை. வெட்கமில்லாமல் அதற்கும் வயிறெரிந்தேன்.

நீ நோயில் கிடந்தபோது ஒருமுறைகூட வராதவள், உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் அம்மா என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளை, நீர்தானே அது? உம்மாலதான் தனக்கு அந்த வேலை கிடைச்சதெண்டு அவள் எப்பவும் சொல்லுவாள்.”

கேலியாகச் சொன்னாயா, உண்மையாகவே நினைத்துச் சொன்னாயா? அம்மாவின் முகத்தில் கேலி இல்லை. நான் தலையாட்டிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்தேன்.

நீ படுக்கையில் விழுந்த மாதமே உன் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோரும் கைகொடுத்தார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதை வைத்துத்தான் இங்கே தாக்குப்பிடிக்கிறேன். இவளால்தான் எனக்குக் கிடைத்தது என்று, இந்த நிமிடம் வரை ஒருவரிடமும் உன் பெயரைச் சொல்லவில்லை.