தொப்பியைத் தொட்டதற்கும் விரல் உயர்ந்ததற்கும் நடுவே

மாமா,

உன் வெள்ளைத் தொப்பி இன்று காலை ஒரு துணிக்கடைப் பையில் வீடு திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது மைதானத்தில் உன் படத்துக்கு முன்னால் மாலைக்குள் கிடந்தது. பையைப் பிரித்ததும் வாடிய சாமந்தி வாசம்தான் முதலில் வந்தது. அதற்கு அடியிலிருந்து மெதுவாக நீ வந்தாய். தேங்காய் எண்ணெய், வேர்வை, பாலாற்று மணல்.

"தொவைச்சு வெச்சிடுமா, பூச்சி அரிச்சிடும்" என்றாள் அம்மா, தறியை விட்டு எழாமலே.

சோப்பை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தொப்பியின் முன்விளிம்பில், வலப்பக்கமாக, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. உன் விரல்கள் தொட்டுத் தொட்டு உண்டானது. அங்கே எதற்காகத் தொட்டாய் என்று எனக்கு இப்போது தெரியும்.

கிரிக்கெட் கிளப்காரர்கள் உன்னைப் பற்றி என்னிடம் ஒரு பக்கம் எழுதிக் கேட்டார்கள். 'நேர்மையான அம்பயர்' என்று ஆரம்பிக்கச் சொல்லி முதல் வரியையும் அவர்களே கொடுத்தார்கள். என்னால் முடியவில்லை. அந்தப் பக்கத்துக்குப் பதிலாக இதை உனக்கு எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு கோடை விடுமுறையில், வீட்டில் படிக்க எதுவும் மிச்சமில்லாமல், உன் பையிலிருந்த கிரிக்கெட் விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன், நினைவிருக்கிறதா? அதில் ஒரு விதி எனக்குக் கதை போலப் பிடித்துப்போயிற்று. நான்கு, வைடு என்று அம்பயர் கையால் சைகை காட்டினால், ஸ்கோர் எழுதுபவர் தன் கையை உயர்த்தி 'பார்த்துவிட்டேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கை உயரும்வரை ஆட்டம் தொடரக் கூடாது. அவ்வளவு பெரிய மைதானம், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காகக் காத்திருக்கிறது! ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ வயிறு குலுங்கச் சிரித்தாய்.

"நம்ம ஸ்கோரர் பீடிய பத்த வெச்சிக்கினு எங்கியோ பாத்துக்கினு இருப்பான். அவனாவது கை தூக்கறதாவது! நீ வந்து தூக்குமா."

அடுத்த வாரமே செவிலிமேட்டு மைதானத்தில் வேப்பமரத்தடி மேசை எனக்கு வந்தது. நீ கையை அசைப்பாய், நான் என் கையை உயர்த்துவேன், நீ தலையை ஆட்டிவிட்டுத் திரும்புவாய். அவுட்டுக்கு மட்டும் இது தேவையில்லை, விதியில் அப்படி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நீ கேட்கவில்லை. விரலை உயர்த்திவிட்டு என் பக்கம் திரும்பி நிற்பாய்.

"ஒருத்தன் வெளிய போறான்மா. அத நீயும் பாத்தேன்னு சொல்ல வேணாமா?"

அதனால் அவுட்டுக்கும் கை உயர்த்தினேன். மனிதர்களை இப்படித்தான் மதிக்க வேண்டும் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

டாஸில் யார் ஜெயிப்பார்கள் என்று இரண்டு பையன்கள் பிரியாணி பந்தயம் கட்டிய நாளில் நீ ஆட்டத்தையே நிறுத்திவிட்டாய். "சார், வெறும் பிரியாணி சார், அதுவும் குஸ்கா!" என்று அவர்கள் கெஞ்ச, மைதானமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "பந்தயம் கட்றவன் ஆட்டத்த பாக்க மாட்டான். அவன் கண்ணு வேற எங்கியோ இருக்கும். ரெண்டு பேரும் கோட்டுக்கு அந்தாண்ட போங்கபா" என்றாய். அவர்கள் போகும்வரை முதல் பந்தை வீச விடவில்லை. அன்று உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை!

போன வருடம் நம் மைதானத்துக்குக் கேமராக்கள் வந்தன. ஆட்டம் நேரலையில் உலகம் முழுக்கப் போகிறது என்றார்கள். நீ ஒரு போனைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாய். திரையில் பெரிய பெரிய பொத்தான்கள்: ரன் இல்லை, ஒன்று, நான்கு, ஆறு, அவுட்.

"பேப்பர்ல எழுதறத எழுது. அதோட இதுலயும் அழுத்து. வெளிநாட்டுல கிரிக்கெட் ஆராய்ச்சி பண்றவங்க உன் கணக்கத்தான் பாக்கறாங்க."

நான் எழுதுவதை வெளிநாட்டில் ஒருவர் படிக்கிறார்! அவரை நான் கற்பனை செய்துகொண்டேன், மாமா. குளிர் ஊரில், சால்வை போர்த்திய ஒரு வயதான அம்மா, ஜன்னலோரம் உட்கார்ந்து என் பந்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காகவே ஒரு பந்தைக்கூடத் தவறவிடாமல் அழுத்தினேன்.

பிறகு நீ சொன்னாய்: "என் கைய பாத்துக்கினு இருக்காத. கண்ணுல பட்டத உடனே அழுத்திடு."

"உன் சைகைக்கு அப்புறம்தானே மாமா? விதி அப்படித்தானே?"

"அது பேப்பருக்குமா. இது வேற."

பந்து காலில் பட்டு, எல்.பி.டபிள்யூ கேட்டு எல்லோரும் கத்தும்போது அவுட்டா இல்லையா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கும் வழி வைத்திருந்தாய். "நான் தொப்பிய தொட்டா அவுட்டு. உனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். நம்ம ரெண்டு பேருக்குள்ள, சரியா?" என்றாய். சரி என்றேன். பள்ளியில் நெருங்கிய தோழியிடம்கூட அதைச் சொல்லவில்லை. மைதானம் முழுக்க உன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு மட்டும் முன்பே தெரியும். அதைவிடப் பெரிய அன்பு இருக்க முடியாது என்று நம்பினேன்.

தொப்பியைத் தொட்டதும் நான் 'அவுட்' பொத்தானை அழுத்துவேன். நீ உடனே விரலை உயர்த்த மாட்டாய். பிட்சைப் பார்ப்பாய். பந்து வீசியவனின் காலடித் தடத்தைப் பார்ப்பாய். ஆற்றங்கரைக் காற்று கேட்கும் அளவுக்கு மைதானம் அமைதியாகும். "நிதானம்னா அவருதான்பா" என்பார்கள் என் பின்னால்.

ஐப்பசி மழையில், ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன் காரியத்தன்று மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் சென்னையிலிருந்து பெரிய மாலையோடு வந்தார். பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீதானா அந்த விரலு? உன் மாமா சொல்லிக்கினே இருப்பாரு, ஃபாஸ்ட்டான பொண்ணுன்னு" என்றார்.

புரியாமல் நின்றேன். அவர் என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினார்.

"கேமரால எடுத்தது வெளிநாட்டுக்குப் போயி டிவில வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் ஆவும்மா. உன் விரலு அதுக்கு முன்னாடியே வந்துடும். அவுட்டுன்னு எங்களுக்குத் தெரியும், அங்க பந்தயம் எடுக்கறவங்களுக்குத் தெரியாது. அந்த கேப்லதான் பந்தயம் கட்டுவோம். உன் மாமா விரல தூக்காம இன்னும் கொஞ்சம் நேரம் இழுத்துக் குடுப்பாரு. சும்மா செய்யல, பார்ட்னர் மாதிரிதான்."

"அது சூதாட்டம் இல்லீங்களா?"

"அந்த ஊர்ல கவர்மெண்டே லைசென்ஸ் குடுத்து நடத்துதும்மா. எங்களுக்கு இதான் தொழிலு. நீ டாக்டராவணும்னு படிக்கல? அந்த மாதிரி. இன்னும் கொஞ்சம் ஊத்துமா, பாயசம் நல்லாக்குது."

ஊற்றினேன். ஆனால் ஜன்னலோரத்துச் சால்வை அம்மா அந்த நிமிடம் எழுந்து போய்விட்டார். அவர் மறுபடி வரவே இல்லை.

நீ பொய்யாக யாரையும் அவுட் கொடுத்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். முன்பு என்றால் 'தெரியும்' என்று எழுதியிருப்பேன். என்னை ஏமாற்றினாய், சரி. ஆனால் அதற்கு நீ எடுத்துக்கொண்டது, நான் எதையெல்லாம் அன்பு என்று நினைத்தேனோ அதையெல்லாம். நம் இரண்டு பேருக்குள் இருந்த அந்தச் சைகையை எடுத்துக்கொண்டாய். ஊரே மெச்சிய உன் நிதானத்தை எடுத்துக்கொண்டாய். போன் வருவதற்கு முன்னாலும் நீ நிதானமானவன்தானே? இப்போது பழைய ஆட்டங்களை நினைத்தாலும், நீ விரல் உயர்த்தாமல் நிற்கும்போதெல்லாம் அந்தச் சட்டைக்காரர் நடுவில் வந்து நிற்கிறார். சண்டை போடலாம் என்றால் நீ இல்லை. அம்மாவிடம் சொல்லலாம் என்றால் அவள் உனக்கு அக்கா.

ஞாயிற்றுக்கிழமை உன் பெயரில் கோப்பைப் போட்டி நடந்தது. கோப்பை வாங்கித் தந்தவரும் அந்தச் சட்டைக்காரரே. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த மேசை என்னுடையது. எந்தத் தப்புக்காகவும் அதை நான் கேட்டு வாங்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு போனேன். அவர் சிரித்தபடி போனை என் முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

உன் இடத்தில் ஒரு புதிய அம்பயர். சின்ன வயது. காலில் பந்து பட்டு எல்லோரும் கத்தினார்கள். அவர் அசையாமல் நின்றார். பிறகு அவர் கை மேலே போயிற்று. தொப்பியைத் தொட்டது.

மாமா, நம் இரண்டு பேருக்குள் என்று சொன்னாயே.

"அழுத்துமா!" என்றார் பின்னாலிருந்து.

நான் பென்சிலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பயரின் விரல் உயர்ந்தது. பிறகுதான் எழுதினேன்.

"இன்னாமா நீ? அவரு தொப்பிய தொட்டாரே, பாக்கலியா?"

"தொப்பிய தொட்டா அவுட்டுன்னு விதிப் புத்தகத்துல இல்லீங்க."

அவர் கோபப்படவில்லை. 'சின்னப் பொண்ணு' என்பதுபோல் சிரித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டோரம் போய் நின்று தானே அழுத்த ஆரம்பித்தார். ஆட்டம் நடந்தது. பந்தயமும் நடந்திருக்கும். நான் ஒவ்வொரு சைகைக்கும் காத்திருந்து, கையை உயர்த்தி, எழுதி முடித்தேன்.

தொப்பியைத் துவைக்கப் போவதில்லை. அந்தக் கறையில் எது வெயிலுக்காகத் தொட்டது, எது அவர்களுக்காகத் தொட்டது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. சோப்பு போட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால்கூட என் கை நீ பார்ப்பதற்காக உயர்வதுபோலத்தான் இன்னும் உயர்கிறது. அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை. ஆனால் ஒருவர் வெளியே போனதை நானும் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும் என்றாயே, அதை மட்டும் உனக்கு நான் இன்னும் செய்யவில்லை. உன் காரியத்தில் எல்லோரும் கும்பிட்டார்கள். நான் பாயசத் தூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என் கை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. அது உயரும்வரை நீ போகக் கூடாது. விதி அப்படி இல்லைதான். நீதான் அப்படி வைத்தாய்.

நில், மாமா.