அவர் சாப்பிட வரும் வீடு

மார்ச் 4

வீட்டில் கால் வைக்க இடமில்லை. வாசலில் செருப்பு, மாடிப்படியில் செருப்பு. வருகிறவர்கள் எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறார்கள், ஆனால் ஜெயித்தோமா இல்லையா என்று எங்களுக்கே தெரியாது. நகரசபையில் எங்கள் கட்சிக்குத்தான் அதிக இடம், பாதியைத் தாண்டவில்லை. ஊரில் பாதி லாரிகளுக்குச் சொந்தக்காரரான லாரிக்காரர் கையில் நாலு உறுப்பினர்கள். அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம்தான் தலைவர் நாற்காலி.

என் வீட்டுக்காரர் ஃபோனும் கையுமாகவே இருக்கிறார். அண்ணன் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டீ எடுத்துக் கொடுக்கிறான். துணைத் தலைவர் ஆகப்போகிறவன் செய்கிற வேலையா இது? கேட்டால், "டீ வாங்கும்போதுதாண்டி ஒருத்தன் மூஞ்சி ஒழுங்கா தெரியும்" என்று சிரிக்கிறான்.

இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய கட்சி. கால்வாய்த் தெருவில் எங்கள் அப்பா வீட்டு மேசையில்தான் முதல் துண்டறிக்கையை எழுதினார்கள். அண்ணன் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான்.

மார்ச் 7

இன்று இவர் எங்கள் கட்சியின் பழைய செயலாளர் வீட்டில் சாப்பிட்டாராம். பாவம் அந்த மனுஷன். பொறுப்பு போயிற்று என்று அர்த்தம்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தது அண்ணன். ஒருவரை ஒதுக்க வேண்டி வந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது தடவை கேட்டு வாங்க வேண்டும், அது முக்கியம். "தன் கையால பரிமாறிச் சாப்பிட வச்ச ஆளைப் பத்தி வெளியில வந்து தப்பாப் பேச யாருக்கும் வாய் வராது. வந்தாலும் ஊர் நம்பாது, ஃபோட்டோ இருக்கும்ல." அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஊர் முழுக்கச் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிற மனிதர், சொந்த வீட்டில் மட்டும் நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டு ஓடுகிறார்.

மார்ச் 9

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "உங்க அண்ணிகிட்ட சொல்லிடு. நாளைக்கு மதியம் அங்க சாப்பிட வரேன்."

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அண்ணனையா?"

"லாரிக்காரர் நாலு பேரையும் தரேன்னுட்டார். துணைத் தலைவர் அவர் ஆளா இருக்கணுமாம். மச்சான் கூடவே கூடாதாம்."

"அவன் இல்லேன்னா நீங்க ஏது?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "நாற்காலியே இல்லேன்னா கால்வாய்த் தெருவுக்கு நான் என்னத்தைக் குடுக்கறது? உள்ள போனாத்தான் தண்ணிக் குழாய் வரும். வெளியில நின்னு கத்தினா தொண்டை வலிதான் வரும்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க நாள் பூராவும் முயற்சி செய்தேன். நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் கண் பார்க்க வந்தவரிடம் ஒரே எழுத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லியிருக்கிறேன். தப்பு கிடைக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 10

அண்ணியை உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனே பரிமாறினான். இவர் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்க மச்சான்" என்றார். அண்ணன் கை ஒரு நொடி அப்படியே நின்றது. தான் கற்றுக்கொடுத்த பாடம் தன் வீட்டுக்கே வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். அப்புறம் நிறையவே போட்டான்.

"போதுமா மாப்பிள்ளை?"

"போதும் மச்சான்."

இவர்கள் கிளம்பும்போது அண்ணன் புகைப்படக்காரரிடம், "நான் சிரிச்ச மாதிரி விழுந்திருக்கான்னு பாத்துக்கப்பா" என்றான். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

மார்ச் 14

தலைவர் ஆகிவிட்டார். மாலையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

ஆகஸ்ட் 21

கால்வாய்த் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. அண்ணன் ஃபோனில் கத்துகிறான்: "சத்தம் கேக்குதா? தண்ணிடி! பரவாயில்ல, பய சொன்னதைச் செஞ்சுட்டான்." துணைத் தலைவர் பதவி போனவன் பேசுகிற பேச்சா இது? எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இவர் ஆள்கிற விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். எதிர்க்கட்சிக்காரருக்குச் சந்தைக் குழுவைக் கொடுத்தார். அவர் வாய் தானாக அடைத்துக்கொண்டது. கல்யாணத்துக்குக் கடைசியில் போவார், சாவு வீட்டுக்கு முதலில் போவார். யாருக்கும் முடியாது என்று சொல்வதே இல்லை. "பார்க்கலாம்" என்பார். வந்தவர்கள் சந்தோஷமாகப் போவார்கள்.

டிசம்பர் 2

இன்றும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

பிப்ரவரி 11

லாரிக்காரர் இப்போதுதான் தன் பங்கைக் கேட்கிறார். கால்வாய் ஓரமாக லாரி போகிற அளவுக்குச் சாலை வேண்டுமாம். அதற்குக் கால்வாய்த் தெரு வீடுகள் போக வேண்டும். எங்கள் அப்பா வீடும்தான். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எல்லாருக்கும் ஆளுக்கொரு வீடு தருவார்களாம். ஆக, இடிக்கப்போகிற தெருவுக்கா குழாய் போட்டோம்?

அண்ணன் தெருவின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். தெருவே அவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

"நீங்க வாக்கு குடுத்த தெரு அது" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.

என்னிடம்! ஊரில் உள்ளவர்களிடம் சொல்கிற அதே வார்த்தையை, அதே குரலில், என்னிடம். நான் என்ன, மனு கொடுக்க வந்தவளா?

பிப்ரவரி 19

கடை முடிந்ததும் நேராகக் கால்வாய்த் தெருவுக்குப் போய் அவர்களோடு உட்காருகிறேன். முதல் நாள் பெண்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். இப்போது தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறார்கள். நான் கண் பார்த்துக் கண்ணாடி கொடுத்த சலவைக்கார அக்கா, "தலைவர் சம்சாரமே நம்ம பக்கம். அப்புறம் எவன் இடிக்க வருவான்?" என்று எல்லாரிடமும் சொல்கிறாள். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

எங்கள் உறுப்பினர்களிலேயே இரண்டு பேர் சாலைக்கு ஓட்டுப் போடத் தயங்குகிறார்களாம். மாதக் கடைசிக்குள் தெருவைக் காலி செய்யாவிட்டால் நாலு பேரையும் இழுத்துக்கொள்வேன் என்று லாரிக்காரர் சொல்லிவிட்டாராம். அப்படி நடந்தால் இவர் நாற்காலி போய்விடும். வீட்டில் இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகாதே என்றுகூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, காலை

ஃபோன் செய்தார். "மதியம் வீட்டுக்கு வரேன். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடலாம். எவ்வளவு நாளாச்சு இல்ல?"

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறேன். நீலப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். இந்த வயசில் என்ன கூத்து இது! ஆனால் குரல் பழைய குரலாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகத் தெருவைப் பற்றிப் பேசுவேன். அவர் கல் மனசுக்காரர் இல்லை. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 24, சாயங்காலம்

கதவைத் திறந்தேன். இவர் உள்ளே வந்தார். பின்னாலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு புகைப்படக்காரர் வந்தார்.

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது. புரிந்தும் தட்டு வைத்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், சொந்த வீட்டில். மீன் நன்றாக இருக்கிறது என்றார். நிஜமாகவே ருசித்துச் சாப்பிட்டார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம் தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. நான் சிரித்தேனா? தெரியவில்லை. ஃபோட்டோ எடுத்தால் சிரித்துத்தானே பழக்கம்.

புகைப்படக்காரர் போனதும் கேட்டேன். "என்னையா? என்கிட்டயேவா?"

"உன்னை இல்ல. நீ அங்க உக்காந்திருக்கறதைத்தான். உன் பேச்சை நம்பித்தான் அவங்க எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. போலீஸை அனுப்பினா நாலு மண்டை உடையும். இப்படின்னா யாருக்கும் ஒரு கீறல் விழாது." கை கழுவினார். துடைத்துக்கொள்ளத் துண்டு நீட்டினேன். ஐயோ, துண்டு வேறு நீட்டினேனே!

இவ்வளவு தெரிஞ்ச எனக்கு இது தெரியாமப் போச்சே. பக்கத்துல உக்காந்து சாப்பிட வரான்னு புடவை மாத்திக்கிட்டு நின்னேனே.

பிப்ரவரி 25

பேப்பரில் வந்துவிட்டது. நான் பரிமாறுகிறேன், இவர் தட்டை நீட்டுகிறார். 'சாலைத் திட்டத்துக்குத் தலைவர் குடும்பமே ஆதரவு.' ஆமாம், சிரித்துத்தான் இருக்கிறேன்.

தெருவுக்கு ஓடினேன். பாதிப் பேர் ஏற்கெனவே எழுந்து போயிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல யாரும் காதில் வாங்கவில்லை. சலவைக்கார அக்கா கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அண்ணன் நாற்காலி மட்டும் தனியாக இருந்தது. யார் மண்டையும் உடையவில்லை.

மார்ச் 6

அடுக்குமாடியில் அண்ணனுக்குக் கிடைத்த வீட்டில் அண்ணி எனக்கும் சேர்த்து அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். என் துணி அதில் அடங்கிவிட்டது. இங்கிருந்து கடைக்குப் பஸ் மாறிப் போக வேண்டும். இவரிடமிருந்து ஃபோன் வரவில்லை. நாற்காலி பத்திரமாக இருக்கிறதாம்.

அப்பாவின் மேசை இன்றுதான் வண்டியில் வந்தது. அண்ணனும் நானும் படியேற்றினோம். பாதி வழியில் மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டான்.

"அன்னிக்கு ரெண்டாவது தடவை கேட்டானா?"

"கேட்டார்."

"போட்டியா?"

"போட்டேன்."

மேசை மேல் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தான்.

"நல்லா சாப்பிட்டானா?"

தலையை ஆட்டினேன். "சரி, தூக்கு" என்றான். தூக்கினேன்.