வெறும் தட்டு

அன்புள்ள சரோஜா அக்கா,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகப் போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இப்போது உங்கள் மகள் கலா இருக்கிறாள். எங்கள் ஆட்கள் சித்தியைக் கூப்பிடுவதுபோல் இன்னும் என்னைச் ‘சாச்சி’ என்றுதான் கூப்பிடுகிறாள். நம் ஊர் பலாபத்வலயில் பஸ் சத்தம் மட்டும் குறையவில்லை.

மாத்தளை கிளினிக்கில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. மனச்சோர்வு வந்து குணமானவர்களுக்கு அது திரும்ப வருமா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள். வாராவாரம் போனில் கேள்வி வரும்: தூக்கம் எப்படி, பசி எப்படி, கவலையாக இருந்ததா? எல்லாவற்றுக்கும் ‘நல்லம்’ என்று அமுக்கிவிடுவேன். என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

டொக்டர் மிஸ் ஒரு நாள் கேட்டார்: “போன முறை வருத்தம் திரும்பினப்போ, ஒங்களுக்கு முன்னாடி யாருக்குத் தெரிஞ்சிச்சு?”

உங்களைச் சொன்னேன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இருக்கும். பொங்கல் வந்த தட்டை நான் வெறுமையாகக் கொடுத்த அன்று, நீங்கள் அதோடேயே திரும்பி வந்தீர்கள். “பரீதா, ஒனக்கு ஒடம்பு சரியில்ல. கெளம்பு, கிளினிக் போவோம்” என்றீர்கள். கைமறதி என்று எவ்வளவு சண்டை பிடித்தேன். கேட்டால்தானே நீங்கள்?

மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இந்த மாதிரி ஒண்ணத்தான் நாங்க தேடிட்டு இருக்கோம்” என்றார்.

போன மாதம் கலா தோசை தந்தாள். தட்டைக் கழுவி வேலிக்கு மேலால் நீட்டிவிட்டு உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது. பயந்துபோனேன் அக்கா. திரும்பி வந்து சொல்ல நீங்கள் இல்லையே என்று அழுதேன். மறுநாள் காலையில் கிளினிக்குக்குத் தனியாகவே புறப்பட்டேன். வாசல் கேட்டடியில் கலா சாரி கட்டி, குடையோடு நிற்கிறாள்.

“எங்க மகள் போறீங்க?”

“ஒங்ககூடத்தான் சாச்சி. தட்டு வெறுமையா வந்தா ஒண்ணும் கேக்காம கூட்டிட்டுப் போன்னு அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சொல்லிட்டாங்க.”

பஸ்ஸில் அவள் என் கையை விடவேயில்லை. மருந்தைக் கொஞ்சம் மாற்றித் தந்தார்கள். இப்போது தூங்குகிறேன், சமைக்கிறேன். போன் கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். போன பிறகும் என்னைப் பார்த்துக்கொள்கிறீர்களே, இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

நாளை மறுநாள் நோன்புப் பெருநாள். நான் அவிக்கும் முதல் வட்டிலப்பம் உங்கள் வீட்டுக்குத்தான், அதே தட்டில். இனி அது ஒரு நாளும் வெறுமையாக வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வந்தால், அன்றைக்கே கலாவோடு கிளம்பிவிடுவேன். சண்டை பிடிக்கமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
கலாவின் சாச்சி,
பரீதா